ரீஸ்டார்ட் செய்ய மாட்டேன்

ஜூன் 3

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று போடவில்லை. மறந்துபோய் விட்டதல்ல, வேண்டுமென்றே விட்டது.

நாலு மாதமாக நீ போன் செய்கிறாய், நான் எடுப்பதில்லை. இனியும் எடுக்கப்போவதில்லை. நீ பேச ஆரம்பித்தால் ஐந்தே நிமிடத்தில், தப்பு செய்தவள் நான்தான் என்று எனக்கே தோன்ற வைத்துவிடுவாய். காகிதத்தில் அந்த ஜம்பம் பலிக்காது. தவிர, தபால் உனக்குப் பழக்கமான வழிதானே? என் மேலதிகாரிக்கு என் பெயரில் மன்னிப்புக் கடிதம் எழுதி, என் கையெழுத்தையும் நீயே போட்டு, தபாலில்தானே அனுப்பினாய்?

உன்னிடம் கேட்க எனக்கு விருப்பமில்லை. வேறு ஆள் இல்லை. தெருமுனை கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரிடம் போய்க் கேட்டேன். "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம், எல்லாம் சரியாயிடும்" என்றார். அதைச் செய்யாமல் தப்பிப்பதற்குத்தான் அவரிடமே போனேன்.

நீ கிளம்பிப் போன பிறகு நடந்தது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்கும் பஸ் நிலையத்துக்கும் நடுவே இருக்கும் நடைபாலத்தை நான் பரிசோதித்ததும், அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் கம்பிகளில் இரண்டு விரிசல் விட்டிருந்ததும், ஒரே நேரத்தில் முப்பது பேருக்கு மேல் ஏறக் கூடாது என்று நான் எழுதியதும், 'பாலம் நல்ல நிலையில் உள்ளது' என்ற சான்றிதழில் கையெழுத்துப் போட மறுத்ததும் உனக்குத் தெரியும். அதன் பிறகு உன் கடிதம் போய்ச் சேர்ந்தது. 'என் கணக்கில் பிழை நேர்ந்துவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன்.' அதைக் கையில் வைத்துக்கொண்டு தலைமைப் பொறியாளர் என்னைக் கட்டாய விடுப்பில் அனுப்பினார். ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பிடுங்கிக்கொண்டார்கள். சான்றிதழில் வேறொருவர் கையெழுத்துப் போட்டார். பாலம் திறந்தே கிடக்கிறது. ஜூலை 18 என் மீது விசாரணை. அந்தக் கடிதம் நான் எழுதியதல்ல என்று சொல்லிப் பார்த்தேன். "கையெழுத்து உங்களுதுதானேம்மா?" என்று சிரித்தார்கள். நீ அவ்வளவு நன்றாகப் போட்டிருக்கிறாய்.

எனக்கு இப்போது இருப்பது கணக்கு மட்டும். கண்ணாடிக் கடைக்கு மேலே நீ வாடகைக்கு வைத்திருந்த அதே அறை, நீ விட்டுப்போன அதே பழைய மெஷின், நீ எழுதிக் கொடுத்த அதே நிரல். மக்கள் அந்தப் பாலத்தின் மேல் நடக்கக்கூடிய பன்னிரண்டாயிரம் விதங்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறது. மார்ச் பாதியில் ஆரம்பித்தது. எட்டாயிரம் முடிந்துவிட்டது, இன்னும் நாலாயிரம் பாக்கி.

கடைக்காரரை உனக்கே தெரியும். பக்கத்துக் கடை எரிந்ததிலிருந்து சாயங்காலம் ஏழு மணியானால் மெயின் ஸ்விட்சை இறக்காமல் வீட்டுக்குப் போக மாட்டார். தினமும் படிக்கட்டுக்குக் கீழே நின்று கூப்பிடுவார்: "என்னம்மா, தூங்கிடுச்சா?" நீ சொல்லிக் கொடுத்தபடி மெஷினை ஹைபர்னேட்டில் போட்டுவிட்டு, "தூங்கிடுச்சுண்ணே" என்பேன். மெயின் இறங்கும். காலையில் எழுப்பினால் விட்ட இடத்திலிருந்து கணக்கு ஓடும். எண்பது நாளாக இதுதான் எங்கள் பூஜை புனஸ்காரம் எல்லாம்.

நேற்று விசாரணைத் தாக்கீதை இறக்கிக்கொள்ள நெட் கேபிளைச் செருகினேன். பத்து நிமிடம் இருக்காது. மூலையில் ஒரு பெட்டி எழும்பி, புதிய கர்னல் நிறுவப்பட்டுவிட்டது, ரீஸ்டார்ட் செய்யவும் என்கிறது. மெஷினை நடத்துகிற அடிப்படை நிரலே மாறிவிட்டதாம். நான் எதையும் அமுக்கவில்லை. எல்லாம் நீ வைத்துவிட்டுப் போன ஏற்பாடு.

கல்லூரிக் கடைசி வருடம் இதே மாதிரி கர்னல் மாறியது தெரியாமல் மெஷினைத் தூங்க வைத்து, காலையில் ஒரு மாத வேலை போய்விட்டதென்று நீ கதவைச் சாத்திக்கொண்டு அழுதாயே, அது ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் சிரித்தேன். இன்று சிரிப்பு வரவில்லை. நேற்று மெயினை இறக்க விடவில்லை. அந்தச் சண்டையைத் தனியாக எழுத வேண்டும்.

இப்போது தூங்க வைத்தால் எழுந்திருக்குமா, எழுந்திருக்காதா? அதை மட்டும் எழுது. நலம் விசாரிக்காதே.

அக்கா


ஜூன் 6

அன்புள்ள அக்கா,

நான் போடுகிறேன். எனக்கு யார் மேலும் கோபம் இல்லை.

முதலில் பதில். தூங்க வைக்காதே. வைத்தால் எழுந்திருக்காது என்றே வைத்துக்கொள். தூங்கப்போகும் கர்னல் தன் நினைவில் இருப்பதையெல்லாம் மூட்டை கட்டி டிஸ்க்கில் வைத்துவிட்டுப் போகும். காலையில் வந்து கதவைத் திறக்கிற கர்னல் அதே ஆளாக இருந்தால் மூட்டையைப் பிரித்து வேலையைத் தொடரும். வேறு ஆளாக இருந்தால், இது யார் வைத்த மூட்டை என்று தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கிவிடும். சில மெஷின்கள் பிரித்துக்கொள்வதும் உண்டு. அதை நம்பி இறங்காதே.

அந்த நிரல் ஏன் நடுநடுவே சேமிக்காது என்று நீ கேட்கவில்லை, ஆனால் கேட்பாய். கடைசி வரி முடிந்த பிறகுதான் எல்லாவற்றையும் மொத்தமாக எழுதும். சேமிக்கும் பகுதியை நாளைக்கு எழுதலாம் என்று விட்டேன். அந்த நாளைக்கு ஆறு வருடமாக வரவில்லை.

நான் சொல்வதைக் கோபப்படாமல் படி. பேசாமல் ரீஸ்டார்ட் செய்துவிடு. போனது போகட்டும். நான் நிரலைத் திருத்தி அனுப்புகிறேன், இரண்டு மடங்கு வேகமாக ஓடும், மணிக்கொரு தடவை சேமிக்கும். விசாரணையை இரண்டு மாதம் தள்ளிவைக்கச் சொல்லி ஒரு மனு கொடு. உடம்பு சரியில்லை என்று எழுது, நம்புவார்கள். இல்லையென்றால் நானே வருகிறேன். ரயிலேறினால் ஒரு நாள். நேரில் உட்கார்ந்தால் ஏதாவது வழி பண்ணலாம்.

அந்தக் கடிதத்தைப் பற்றி நூறு தடவை சொல்லிவிட்டேன். உன் நல்லதுக்குத்தான் செய்தேன். பதினெட்டு வருட வேலை, இரண்டு கம்பிக்காகப் போக வேண்டுமா என்று நினைத்தேன். நீ கையெழுத்துப் போட்டிருந்தால் இன்றைக்கு அந்த அறையில் காவல் காத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். அவளுக்கு முழு விவரம் தெரியாது. நீதான் ஏதோ கோபத்தில் வேலையை விட்டுவிட்டாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் திருத்தவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். இதை நலம் விசாரிப்பதாக எடுத்துக்கொள்ளாதே.

தம்பி


ஜூன் 8

தம்பிக்கு,

ரீஸ்டார்ட் செய்ய மாட்டேன்.

இதோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் வயிறெரிகிறது, அதனால் எழுதுகிறேன். உடம்பு சரியில்லை என்று எழுதட்டுமா? அப்படி ஒரு மனு என் கையால் போனால், அதற்கு முன்னால் போன பொய்யும் என்னுடையது என்றுதானே ஆகும்? உனக்கு இது தோன்றவில்லையா, இல்லை தோன்றித்தான் எழுதினாயா?

நேற்று மதியம் பாலத்துக்குப் போனேன். இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் மாறும். அந்தப் பக்கம் போகிறவர்கள், இந்தப் பக்கம் வருகிறவர்கள், நோயாளியைப் பார்க்க வந்தவர்கள். கீழே நின்று, ஒரே நேரத்தில் மேலே இருந்தவர்களை எண்ணினேன். நூற்றுத் தொண்ணூறு வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன். சக்கர நாற்காலியில் ஒரு பெண்ணைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பாலம் லேசாக ஆடியதும் அவள் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். தள்ளியவன், "ஒண்ணுமில்ல, இது எப்பவும் ஆடும்" என்றான். இரண்டு மாதம் தள்ளிவைக்க மனு கொடுப்பதாம். அந்த இரண்டு மாதமும் அது எப்பவும் ஆடிக்கொண்டிருக்க வேண்டுமாம்.

மறுபடி முதலிலிருந்து ஓட்டினால் இரவும் பகலுமாக ஐம்பது நாள். ஜூலை 18 தாண்டிவிடும். கணக்குப் போடுகிறவளிடமே கணக்கு விடாதே.

மெயின் ஸ்விட்ச் சண்டையைச் சொல்கிறேன். இரண்டாம் தேதி சாயங்காலம் வழக்கம்போல, "என்னம்மா, தூங்கிடுச்சா?" என்றார். "இன்னைக்குத் தூங்காதுண்ணே. இனிமேயும் தூங்காது" என்றேன். அவருக்குப் புரியவில்லை. கையில் கண்ணாடி வெட்டும் கட்டரோடு மேலே ஏறி வந்துவிட்டார். "எரிஞ்சா யாரு பதில் சொல்றது? என் பொழப்பே உடையற பொருள்ல ஓடுதும்மா!" நான் இறங்கிப்போய் மெயின் பெட்டிக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். "என்னைத் தூக்கிப் போட்டுட்டு இறக்குங்க" என்றேன். அரை மணி நேரம் முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு தன் கடையில் ஒன்றுவிடாமல் எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிப்போட்டார். என் அறையில் மெஷினைத் தவிர ஃபேன் உட்பட எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னார். கடைசியில், "நீங்க இங்கேயே இருந்து பார்த்துக்கணும், ஒரு நிமிஷம் நகரக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். பாலத்துக்குப் போன நேரம் மட்டும் அவர் மருமகள் வந்து உட்கார்ந்தாள்.

ஆனால் பதினைந்தாம் தேதி கட்டடம் முழுக்க வயரிங் மாற்றுகிறார்கள். அவர் மூன்று மாதம் அலைந்து வாங்கிய நாள். காலையிலிருந்து மறுநாள் காலை வரை சொட்டு மின்சாரம் இருக்காது. அதைத் தடுக்க என் முக்காலி போதாது, தடுக்க எனக்கு நியாயமும் இல்லை. ஆகவே பதினான்காம் தேதி சாயங்காலம் இதைத் தூங்க வைத்தே ஆக வேண்டும். எழுந்திருக்க ஒரு வழி சொல். பழைய ஆளைத் திரும்பக் கூப்பிட முடியாதா? இத்தனை வருடம் இதிலேயே புரண்டவனுக்கு ஒரு வழி தெரியாதா?

நீ வராதே. உன் நல்லதுக்குச் செய்தேன் என்று இன்னொரு தடவை எழுதாதே. என் நல்லது எது என்று என்னைக் கேட்க ஒரு போன் போதும். அந்த நாளில் நான் உன் போனை எடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்கா,

வழி இருக்கிறது. பழைய கர்னல் எங்கும் போகவில்லை. புதியதை நிறுவும்போது ஓடிக்கொண்டிருக்கும் பழையதை அது அழிக்காது. மெஷின் எழும்போது எந்தக் கர்னலோடு எழுவது என்று கேட்க ஒரு பட்டியல் உண்டு. நீ அதைப் பார்த்ததில்லை, ஏனென்றால் கறுப்பும் வெள்ளையுமாக அசிங்கமாக இருக்கிறதென்று நான்தான் மறைத்து வைத்தேன்.

மெஷினை ஆன் செய்ததும், கம்பெனி முத்திரை தெரியும்போதே, ஷிஃப்ட் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொள். பட்டியல் வரும். முதல் வரியைத் தொடாதே, அது புதியது. இரண்டாவது வரிக்குள் போனால் இன்னும் சில வரிகள் விரியும். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு எண் இருக்கும். இப்போது ஓடுகிற கர்னலின் எண்ணை இன்றைக்கே பார்த்துக் காகிதத்தில் எழுதி வை. எப்படிப் பார்ப்பது என்று கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அந்த எண் உள்ள வரியைத் தேர்ந்தெடு. 'மீட்பு' என்று போட்டிருப்பதை எடுத்துவிடாதே. நெட் கேபிளைப் பிடுங்கிவிடு, இனி செருகாதே. கட்டளை கொடுத்துப் பழையதையே முதலாக்கவும் முடியும். ஆனால் கடிதத்தைப் பார்த்து நீ தட்டும்போது ஒரு புள்ளி பிசகினாலும் மெஷினே எழாது.

இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம். தெரியாமல் இல்லை. நீ கேட்ட மாத்திரத்தில் தெரியும்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். எழுதிவிடுகிறேன். உன் கணக்கு முடியாமல் போனால் நீ தவணை கேட்பாய், விசாரணை தள்ளிப்போகும், நான் எழுதிய கடிதம் இன்னும் கொஞ்ச நாள் ஃபைலுக்குள்ளேயே கிடக்கும் என்று ஒரு நப்பாசை. இங்கே சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, இன்னும் வேலையை நிரந்தரமாக்கவில்லை. பிறர் கையெழுத்தைப் போட்டவன் என்று தெரிந்தால் இன்னொரு நிமிடம் வைத்திருக்க மாட்டார்கள். வங்கிகளுக்கு மெஷின் பார்க்கிற வேலை, அக்கா. பயந்துவிட்டேன். உன் எட்டாயிரம் கணக்கைவிட என் பயம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

உன் கடிதத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்ட அந்தப் பெண்ணைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. இது உன்னை இரக்கப்பட வைக்க எழுதுவதல்ல.

பதினான்குக்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். விரைவுத் தபாலில் போடுகிறேன்.

தம்பி


ஜூன் 16

தம்பிக்கு,

உன் கடிதம் பதின்மூன்றாம் தேதி வந்தது. கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கிழிக்கப் போனேன். வழி அதில்தானே இருக்கிறது என்று நிறுத்திக்கொண்டேன். அதிர்ஷ்டக்காரன் நீ.

பதினான்காம் தேதி சாயங்காலம் திரையில் ஓடிய எண்ணைக் காகிதத்தில் எழுதினேன்: 10,652. கர்னல் எண்ணையும் பக்கத்தில் எழுதினேன். ஹைபர்னேட்டில் போட்டேன். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு கீழே அதே குரல். "தூங்கிடுச்சா?" தூங்கிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இறக்குங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

நேற்றுப் பகல் பூராவும் ஆட்கள் சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். மெஷினை ஒரு போர்வையால் மூடிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒருவன், "யாருக்கும்மா உடம்பு சரியில்லை?" என்று கேட்டான்.

இன்று காலை எட்டரைக்கு மின்சாரம் வந்தது. கடைக்காரரும் மருமகளும் மேலே வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். மெஷினை ஆன் செய்து ஷிஃப்ட் பட்டனை அமுக்கிப் பிடித்தேன். முத்திரை வந்தது. முத்திரை போயிற்று. திரை கறுப்பானது. பட்டியல் வரவில்லை.

எதுவும் யோசிக்கவில்லை. புது ஆள் மூட்டையைத் தொடுவதற்குள் சுவரிலிருந்து பிளக்கை அப்படியே பிடுங்கினேன். புது வயரிங்கில் அது நான் செய்த முதல் காரியம். கடைக்காரர், "ஐயோ!" என்றார்.

கையில் பிளக்கோடு நின்றேன். உண்மையைச் சொல்கிறேன். மறுபடியும் கழுத்தறுத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். பயத்தை ஒப்புக்கொண்டதெல்லாம் நான் நம்புவதற்காக எழுதியது, கடைசியில் தப்பான பட்டனைச் சொல்லிக் கொடுத்துவிட்டான், இனி அவன் கடிதம் ஃபைலில் நிம்மதியாகத் தூங்கும் என்று நினைத்தேன். உன்னைப் பற்றி அப்படி நினைத்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. நினைக்கும்படி நடந்துகொண்டவன் நீ.

பிறகு கீபோர்டைப் பார்த்தேன். ஷிஃப்டைப் பார்த்தேன், மொழுமொழுவென்று புதிதாக இருக்கிறது. எல்லாப் பட்டனிலும் எழுத்து இருக்கிறது. இடப்பக்கம் மேல் மூலையில் ஒன்றில் மட்டும் இல்லை, தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. மெஷின் எழும்போதெல்லாம் நீ கொசு அடிப்பது மாதிரி அந்த மூலையைத் தட்டிக்கொண்டே இருப்பாயே! "மெஷினுக்கு வலிக்கும்டா" என்று அம்மா திட்டுவாள். கண் முன்னால் வந்துவிட்டது.

பிளக்கைச் செருகினேன். ஆன் செய்தேன். கொசு அடித்தேன். பட்டியல் வந்தது! அசிங்கமாகத்தான் இருக்கிறது. எனக்கு அதைவிட அழகாக எதுவும் தெரியவில்லை. இரண்டாவது வரிக்குள் போய், காகிதத்தில் இருந்த எண்ணை மருமகள் ஒவ்வொன்றாகப் படிக்க, நான் சரிபார்த்து அமுக்கினேன். வெகுநேரம் ஒன்றும் இல்லை. கடைக்காரர் மூச்சுவிடுவது கேட்டது. பிறகு என் பழைய திரை அப்படியே வந்து நின்றது. 10,653.

மருமகள் கைதட்டினாள். நான் உட்கார்ந்து அழுதேன். கடைக்காரர், "இதுக்குப் போயா அந்த முக்காலிச் சண்டை?" என்றார். ஆமாம், இதற்குத்தான்.

இன்னும் ஆறு நாளில் முடிந்துவிடும். இனி நடுவில் தூங்க வைக்கப்போவதில்லை. வயரிங் புதிது, அவரும் தைரியமாக இருக்கிறார்.

ஒரு கணக்கு மட்டும் பாக்கி, அது மெஷினில் ஓடாது. அதை நான் உன்னிடம் கேட்க மாட்டேன். கேட்டு வாங்கினால் அதற்கு மதிப்பில்லை.

அக்கா


ஜூலை 1

அன்புள்ள அக்கா,

ஷிஃப்ட் என்று எழுதியது பொய்யல்ல, மறதி. இங்கே நான் பார்க்கிற மெஷின்களுக்கெல்லாம் ஷிஃப்ட். உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்னையறியாமல் மூலைப் பட்டனைத் தட்டிப் பார்த்தேன், விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது. விரலைக் கேட்டு எழுதியிருக்க வேண்டும், மண்டையைக் கேட்டு எழுதிவிட்டேன். நீ என்னைச் சந்தேகப்பட்டது சரி. நானாக இருந்தாலும் படுவேன்.

இத்துடன் ஒரு நகல் வைத்திருக்கிறேன். அசல் இன்று காலை விசாரணை அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் போய்விட்டது. கடந்த பிப்ரவரியில் தலைமைப் பொறியாளருக்கு வந்த மன்னிப்புக் கடிதத்தை எழுதியவன் நான், கையெழுத்திட்டவன் நான், என் அக்காவுக்கு அது தெரியாது, அவள் தன் கணக்கை ஒருபோதும் திரும்பப் பெறவில்லை. இவ்வளவுதான். முதலில் மூன்று பக்கம் எழுதினேன். உன் மேல் உள்ள பாசம், அம்மாவின் உடல்நிலை, என் சூழ்நிலை என்று ஓடியது. படித்துப் பார்த்தால் அதுவும் ஒரு மன்னிப்புக் கடிதமாகவே இருந்தது. கிழித்துவிட்டு நாலு வரி எழுதினேன்.

அதற்கப்புறமும் மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். தபால் நிலையம் என் ஆபீஸுக்கு நேர் எதிரே. நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை ஒன்றும் திட்டவில்லை. "அவ கையெழுத்தை நீ எப்படிடா போடலாம்?" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு, என்னோடு பேசாமல் இருக்கிறாள். நானும் உன் பிள்ளைதானே என்று கெஞ்சியும் கேட்கவில்லை. இப்போது வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம், ஒருவர்தான் பேசுகிறோம்.

என் மேலாளரிடமும் சொல்லிவிட்டேன். வேறு யாராவது சொல்லிக் கேட்பதற்கு முன் நானே சொல்லலாம் என்று. வீட்டுக்குப் போய் இரு, கூப்பிடுகிறோம் என்றார். வீட்டில்தான் இருக்கிறேன்.

கணக்கு முடிந்ததா? என்ன சொன்னது?

தம்பி


ஜூலை 19

தம்பிக்கு,

கணக்கு ஜூன் 22 மதியம் முடிந்தது. மூன்று பிரதி அச்சடித்தேன். ஒன்று என்னிடம், ஒன்று விசாரணைக்கு, ஒன்று கண்ணாடிக் கடைக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்கு ஒரு எழுத்து புரியாது. கடையில் மாட்டப்போகிறாராம், கண்ணாடி போட்டு.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். தலைமைப் பொறியாளர் எடுத்த எடுப்பிலேயே அந்த மன்னிப்புக் கடிதத்தை மேசையில் வைத்தார். விசாரணை அதிகாரி தன் ஃபைலிலிருந்து உன் நாலு வரியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். தலைமைப் பொறியாளர், "அக்காவும் தம்பியும் சேர்ந்து ஆடற நாடகம் சார் இது" என்றார். நான் எழுந்து நின்றேன். "சேர்ந்து ஆடற அளவுக்கு நாங்க பேசிக்கிறதில்ல சார்" என்றேன். அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார், சிரித்தாரோ என்னவோ.

பிறகு என்னைக் கேட்டார்: "அப்ப உங்க முதல் கணக்குல பிழையே இல்லைன்னு சொல்றீங்களா?" இந்தக் கேள்விக்காகத்தான் நாலு மாதம் உட்கார்ந்திருந்தேன். "இருக்கு சார்" என்றேன். தலைமைப் பொறியாளரின் முகம் மலர்ந்துவிட்டது. "முப்பது பேர்னு எழுதினேன். அது கையால போட்டது, கொஞ்சம் கூடுதலா பயந்துட்டேன். பன்னிரண்டாயிரம் விதமா போட்டுப் பார்த்ததுல நாற்பத்தாறு வருது. நாற்பத்தாறுன்னே எழுதிக்குங்க. நேத்து மத்தியானம் ரெண்டு மணிக்கு அது மேல இருநூத்திப் பத்துப் பேர் இருந்தாங்க." அந்த மலர்ச்சி போன இடம் தெரியவில்லை.

இன்று காலை பாலத்தின் இரண்டு முனையிலும் தடுப்பு வைத்து, நாற்பது நாற்பது பேராக விடுகிறார்கள். இரண்டு கம்பியையும் மாற்றும் வரை அப்படித்தானாம். ஆறு பேரைக் குறைத்துக்கொண்டார்கள், அந்த அளவுக்காவது புத்தி வந்தது. வரிசை நீண்டு பஸ் நிலையம் வரை போகிறது. எல்லாரும் திட்டிக்கொண்டே நிற்கிறார்கள். நான் நடுவில் நின்று நன்றாகத் திட்டு வாங்கினேன். மனசு நிறைந்திருக்கிறது.

எனக்கு வேலை இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. உத்தரவு வரும் என்கிறார்கள். வராவிட்டால் அதற்கும் ஒரு முக்காலி என்னிடம் இருக்கிறது. உன் மேல் தனி விசாரணை வைப்பார்களாம், கூப்பிடுவார்கள். வா. நாலு வரியைத்தான் அங்கேயும் சொல்ல வேண்டும், ஐந்தாவது வரியை ஆரம்பிக்காதே. உன் வேலை போனால் இங்கே கீழே ஒரு கடைக்காரர் கம்ப்யூட்டர் வாங்க ஆசைப்படுகிறார். கிண்டலில்லை, நிஜமாகவே.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பாய். எழுத மாட்டேன். மன்னிப்பைப் பற்றி என் கையெழுத்தோடு ஏற்கெனவே ஒரு கடிதம் சுற்றுகிறது, அது போதும். ஞாயிற்றுக்கிழமை போன் செய். அம்மாவிடமும் கொடு.

மூலையில் அந்தப் பெட்டி இன்னும் நின்றுகொண்டிருந்தது: ரீஸ்டார்ட் செய்யவும். நாற்பத்தேழு நாளாக என்னோடு மல்லுக்கு நின்றது. பிரதிகள் மூன்றும் பத்திரமாக இருக்கின்றன, விசாரணை முடிந்தது, இனி யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. அதனால் இன்று சாயங்காலம் நானாகவே அமுக்கினேன். புது ஆள் எழுந்து உட்கார்ந்திருக்கிறான்.

சரியாக ஏழு மணிக்குக் கீழேயிருந்து குரல் வந்தது. புது வயரிங் போட்டும் பழக்கம் போகவில்லை.

"என்னம்மா, தூங்கிடுச்சா?"

"இல்லண்ணே, இப்பதான் எழுந்திருச்சுது. நீங்க வீட்டுக்குப் போங்க."

அக்கா